வார்டுக்கு ஒரு தோட்டம்: கோத்தகிரி அக்காவின் பதில்கள்

மலை ஊர்களில் தெருக்காரர்கள் கூடிப் பொதுத்தோட்டம் போடுவதைப் பற்றி முன்பு ஓர் இதழில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கோத்தகிரியில் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள் என்று தெரிந்ததால் பாதிப் பேர் நாற்று விலையைத்தான் கேட்டிருக்கிறார்கள். அது சீசனுக்குச் சீசன் மாறும், நேரில் வந்தால் சொல்கிறேன். மற்றவற்றில் சில இங்கே.

“எங்கள் தெருவுக்குக் கீழே ஓடையோரமாக ஒரு காலி இடம். நகராட்சி இடம் என்கிறார்கள். இப்போது எல்லாரும் அங்கே குப்பைதான் கொட்டுகிறார்கள். நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து அதைக் காய்கறித் தோட்டமாக்க நினைக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது அக்கா?”
ஒரு வாசகி, குன்னூர்

‘நகராட்சி இடம் என்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘என்கிறார்கள்’ என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணைக் கேளுங்கள், புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, பாருங்கள். நகராட்சியின் பூங்கா இடமாக இருந்தால் வழி சுலபம். ஓடைப் புறம்போக்கு என்றால் அங்கே சுவர், ஷெட் எதுவும் எழுப்ப முடியாது, எழுப்பவும் கூடாது. எதுவானாலும் ஆணையருக்கு ஒரு மனு எழுதி, கவுன்சிலரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாயால் சொன்ன அனுமதி அந்த அதிகாரிக்கு இடமாற்றம் வரும் வரைக்கும்தான். வேலி, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி என்று செலவு பெரிதானால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும்.

அடுத்தது குப்பை. அள்ளுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தடித்த கையுறையும் ரப்பர் பூட்ஸும் இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்; மேலே பிளாஸ்டிக், அதற்குக் கீழே உடைந்த குவார்ட்டர் பாட்டில், அதற்கும் கீழே குழந்தைகளின் டயபர் என்று அடுக்கடுக்காக வரும். ஆனால் நாளைக் காலையில் அவர்கள் எங்கே கொட்டுவார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் அள்ளினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அள்ள வேண்டியதுதான்.

உங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குப் படிக்கட்டுதான் தெரு. குப்பை வண்டி மேலே ரோட்டில் நின்று மணியடித்துவிட்டுப் போய்விடும். முட்டிவலி உள்ள பாட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு நாற்பது படி ஏறுவாளா, ஜன்னல் வழியாக ஓடைப்பக்கம் வீசுவாளா? எங்கள் வார்டில் இதற்காகவே பள்ளிக்கூடம் போகிற இரண்டு பையன்களிடம் சொல்லி, போகிற வழியில் கீழ்வீட்டு வாளிகளை மேலே வைக்கச் சொன்னோம். வாளியில் வீட்டு எண்ணை எழுதியிருக்கும். வண்டி போனதும் யாராவது இறங்கும்போது காலி வாளியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொட்டுவது தானாகவே குறைந்தது. அதற்கு முன் ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ பலகை ஒன்றும் வைத்துப் பார்த்தோம். பலகையின் காலடியில்தான் அதிகமாக விழுந்தது.

உங்கள் ஊரிலேயே ஓட்டுப்பட்டறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நகராட்சி மலைபோலக் குப்பை கொட்டிவந்த இடத்தைத் தன்னார்வலர்கள் நகராட்சியோடு சேர்ந்து சுத்தம் செய்து, குப்பை தரம் பிரிக்கும் கூடமும் செடிகளுமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே முதலில் வந்தது பூச்செடி இல்லை, பிரிக்கிற ஏற்பாடு.

இனி தோட்டம். குப்பை கிடந்த மண்ணில் கீரையோ கிழங்கோ போடாதீர்கள். பேட்டரி, பெயின்ட் டப்பா, டியூப் லைட் எல்லாம் அதில் நொறுங்கிக் கலந்திருக்கும். ஈயம் மாதிரியான நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, இலையிலும் கிழங்கிலும் ஒட்டி வீட்டுக்கு வந்துவிடும். அந்த மண்ணில் பூச்செடி வையுங்கள். காய்கறி வேண்டுமென்றால் வெளியிலிருந்து நல்ல மண்ணும் மக்கிய எருவும் கொண்டுவந்து சாக்கிலோ உயர்த்திய பாத்தியிலோ போடுங்கள். நம் மலை மண் புளித்த மண், அதாவது அமிலம் கூடியது. தேயிலைக்கு அதுதான் பிடிக்கும். முட்டைக்கோஸ், பீட்ரூட்டுக்குப் பிடிக்காது. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டு மண்ணைச் சோதித்துவிட்டு, அவர்கள் சொல்கிற அளவுக்கு, புளிப்பைக் குறைக்கிற டோலமைட் சுண்ணாம்புப் பொடியைப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட வேண்டாம்.

கடைசியாக, இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: சரிவை வெட்டாதீர்கள். மழைநீர் சேகரிப்பு என்று சமவெளியில் குழி வெட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கேயும் வெட்டுகிறார்கள். சரிவில் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்கினால் அது மண்ணுக்குள் இறங்கிக் கனம் கூடி, ஒருநாள் மொத்தமாக வழுக்கிக்கொண்டு வரும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான் பாத்தி போட வேண்டும். கல் அடுக்கினால் தண்ணீர் வெளியேற இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஓடைக் கரையில் ஏற்கெனவே இருக்கிற புல்லையும் நாணலையும் தொடாதீர்கள். பார்க்க ‘க்ளீனாக’ இருக்காது, பரவாயில்லை. கரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

“எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆயிரக்கணக்கில் விதைப்பந்து செய்து ஊட்டி சுற்றுவட்டாரப் புல்வெளிகளில் வீசப் போகிறோம். எந்த விதை நல்லது?”
ஒரு கல்லூரி மாணவர், உதகை

எந்த விதையும் வேண்டாம் தம்பி. கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

1973-இல் நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவருடைய நண்பர்களும் ‘கிரீன் கெரில்லாஸ்’ என்று ஒரு கூட்டம் சேர்த்தார்கள். வீடுகள் இடிந்து, பூட்டிக் கிடந்த மனைகளுக்குள் வேலிக்கு மேலாக விதைக் குண்டுகளை எறிந்தார்கள். பிறகு ஒரு மனையைச் சுத்தம் செய்து தோட்டமே போட்டார்கள். அது இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. உள்ளே போக முடியாத, செங்கல்லும் கான்கிரீட்டும் கொட்டிக் கிடந்த ஊர்மனைக்கு அது சரியான வழி.

நீ வீசப் போவது ஊர்மனையில் இல்லை. ஊட்டியைச் சுற்றி மரமில்லாமல் தெரிகிற அந்தப் புல்வெளி மொட்டை நிலம் இல்லை, அது அப்படியேதான் இருக்க வேண்டிய காடு. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல், நடுவே சதுப்பு, இதுதான் நீலகிரி. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடையாக விடுவது இந்த அமைப்புதான். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வது சதுப்பில் வளரும் புல்லைக் கொண்டு. ‘இங்கே மரமே இல்லையே’ என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்துச் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நட்டு நட்டுத்தான் புல்வெளியில் பெரும்பகுதியைத் தொலைத்தோம். விதைப்பந்து அதையே நல்ல மனசோடு இன்னொரு தடவை செய்வது.

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா? எறிவதற்குப் பதிலாகப் பிடுங்கலாம். ஸ்காட்ச் ப்ரூம் என்று மஞ்சளாகப் பூக்கிற புதர் ஒன்று, அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, இப்போது புல்வெளியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது இளஞ்செடியைப் பிடித்து இழுத்தால் வேரோடு வரும். பூத்து நெற்று வைப்பதற்கு முன் செய்ய வேண்டும், ஏனென்றால் அதன் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதனால் ஒரு வருடம் பிடுங்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் பிரயோசனமில்லை. உன் ஜூனியர்களுக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் போ. புல்வெளி வனத்துறையின் இடம் என்பதால் முதலில் வனச்சரகரிடம் அனுமதி வாங்கு. எதைப் பிடுங்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அவர்கள் ஆளே வந்து காட்டுவார்.

விதைப்பந்து செய்ய மண் குழைத்து வைத்துவிட்டீர்களென்றால், கல்லூரி வளாகத்தில் தொட்டி செய்யுங்கள்.

“டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து எங்கள் குடியிருப்புப் பூங்காவில் வைத்த செடியெல்லாம் வெந்தது மாதிரிக் கருகிப் போகிறது. என்ன செய்யலாம்?”
ஓய்வுபெற்ற ஒருவர், உதகை

அரசு தாவரவியல் பூங்காவில் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள் ஐயா. நவம்பரிலேயே ‘கோத்தகிரி மிலார்’ என்கிற குத்துச்செடியை வெட்டி வந்து, அலங்காரச் செடிகளின் மேல் கூடாரம் போலக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். காற்று போகும், பனி நேராக இலையில் இறங்காது. பிளாஸ்டிக் தாளைப் போர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். தாள் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடமே கருகும். புல்தரையில் வெயில் படுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள். அதையும் செய்யுங்கள். பனி மூடிய புல்லை மிதிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். மிதித்த தடம் பழுப்பாக நிற்கும்.

பள்ளத்தில் பனி அதிகம், மேட்டில் குறைவு. ஒரே பூங்காவுக்குள்ளேயே இந்த வித்தியாசம் தெரியும். எங்கே வெள்ளை கடைசியாகக் கரைகிறது என்று நான்கு நாள் காலையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் பூண்டு, முட்டைக்கோஸ் மாதிரி குளிர் தாங்குகிறவற்றை வையுங்கள். பீன்ஸை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்.

உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம். நீலகிரியில் 1961-இல் கண்டுபிடித்த, கிழங்குச் செடியின் வேரைத் தாக்குகிற தங்க நூற்புழு இன்னும் நம்மை விடவில்லை. கிழங்கு விதையோடும் மண்ணோடும் செருப்போடும் பரவி, கூட்டுக்குள் பல வருடம் மண்ணிலேயே இருக்கும். பத்துப் பேர் வந்துபோகிற பொதுத்தோட்டம் அதற்கு பஸ் ஸ்டாண்டு மாதிரி. பக்கத்தில் கிழங்கு விவசாயி இருந்தால் அவர் பிழைப்பில் மண்.

தாவரவியல் பூங்கா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இன்று டிக்கெட் வாங்கி, புல்லில் உட்காராதே என்று விசில் ஊதுகிறார்களே, அந்த இடத்தின் ஆரம்பமே ஒரு காய்கறிச் சந்தாதான். 1840-களில் ஊட்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் போட்டு, நியாய விலைக்குக் காய்கறி கிடைக்கட்டும் என்று போட்ட தோட்டம் அது. கீழ்ப்பாதி சதுப்பு. அது சரியாக ஓடாமல் போய், பொதுப் பூங்கா வைக்கலாம் என்று முடிவானபிறகுதான் 1848-இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் வந்து இன்றைய உருவத்தைக் கொடுத்தார். உங்கள் குடியிருப்புக் கூட்டத்தில் யாராவது ‘பூங்காவில் கோஸ் போடுவதா, அசிங்கமாக இருக்காதா’ என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

“காட்டெருமை, பன்றி, கரடி மூன்றும் வருகின்றன. மின்வேலி போடலாமா?”
ஒரு வாசகர், கோத்தகிரி

நீங்களாக மின்சாரம் இழுத்துப் போட்டால் அது குற்றம். கரடியும் சாகும், கறிவேப்பிலை பறிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரும் சாவார்.

கரடியைக் கூப்பிடுவது உங்கள் செடி இல்லை, சமையல் கழிவு. எண்ணெய் வாசத்துக்கு அது சத்துணவுக் கூடத்துக் கதவையே உடைக்கிறது. உரக்குழியில் சோறு, மீன், பழத்தோல் எதுவும் போடாதீர்கள்; காய்ந்த இலையும் களையும் சாணியும் போதும். இங்குள்ள குளிருக்கு மக்க நாளாகும், ஆகட்டும். காட்டெருமைக்கு வழி விடுங்கள். அது வழக்கமாக நடக்கிற தடத்தை மறித்து வேலி போட்டால் வேலிதான் போகும். பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்குக்குத்தான் வரும், கிழங்கு வைக்காதீர்கள். ரோஸ்மேரி, தைம், புதினா, லாவெண்டர் மாதிரி வாசனைச் செடிகளை அதிகம் மேய்வதில்லை. வேலியோரம் மேரக்காய் (சௌசௌ) கொடி விடுங்கள். யார் தின்றாலும் மிச்சம் இருக்கும்.

“ஆரம்பித்தபோது இருபது பேர் வந்தார்கள். இப்போது நானும் இன்னொரு அம்மாவும்தான். விளைந்த காலிஃப்ளவரை யாரோ இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.”
ஒரு ஆசிரியை, குன்னூர்

இந்த இதழுக்கு வந்ததில் முக்கியமான கடிதம் இதுதான் டீச்சர். என்ன நடலாம் என்று நூறு பேர் கேட்கிறார்கள். யார் வருவது என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

இருபது பேர் வந்தது நடவு விழாவுக்கு. கவுன்சிலர் வந்தார், டீ, வடை இருந்தது. மார்ச் மாதம் குடத்தில் தண்ணீர் தூக்குவதற்கு வடை கிடையாது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் இப்படித்தான். இரண்டு பேர் பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தோட்டத்தைச் சுருக்குங்கள். மீதி இடத்தைப் புல்லாக விட்டுவிடுங்கள். களை மண்டிய பெரிய தோட்டத்தைப் பார்த்தால் புதிதாக வருகிறவருக்குப் பயம் வரும், சின்னதாகப் பச்சைப்பசேலென்று இருந்தால் நின்று பேசுவார். பேசுகிறவர் கையில் பூவாளியைக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், நாள். ‘எல்லாரும் நேரம் கிடைக்கும்போது வாங்க’ என்றால் யாருக்கும் நேரம் கிடைக்காது. எங்கள் வார்டில் வியாழக்கிழமை சாயங்காலம் என்று வைத்திருக்கிறோம். மழையானாலும் ஒருவராவது போய்க் கதவைத் திறந்து வைத்திருப்பார். சாவி எங்கள் தெரு மளிகைக் கடையில் தொங்கும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. சாவி எடுப்பவர் பெயரும் செய்த வேலையும் எழுத வேண்டும். ‘தண்ணி விட்டேன்’, ‘நத்தை பொறுக்கினேன்’, ‘சும்மா உக்காந்திருந்தேன்’ என்றெல்லாம் இருக்கும். அந்தக் கடைசி வரியை எழுதியது தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. சும்மா உட்கார்ந்திருந்தவர்தான் இன்று எங்கள் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கிறார். களை எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் பறித்த கை என்று தெரியும். இரண்டு விரல் மட்டும்தான் அசையும், மண் நகராது, வேர் வெளியே வந்துவிடும். தோட்டத்துக்கு ஆள் இல்லை என்று நாம் தேடுகிற ஆள் பெரும்பாலும் இப்படித்தான் பக்கத்து லைன் வீட்டில், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில், இருப்பார். கூட்டம் போட்டு அழைத்தால் ‘அதெல்லாம் படிச்சவங்க விஷயம்’ என்று வரமாட்டார். வீட்டுக்குப் போய், ‘இந்தச் செடிக்கு என்ன ஆச்சு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கம்மா’ என்று கேளுங்கள்.

காலிஃப்ளவர் விஷயம். பூட்டு போடுவது, கேமரா வைப்பது எல்லாம் எனக்கு உடன்பாடில்லை. பொதுத்தோட்டத்தில் எது எல்லாருக்கும், எது உழைத்தவருக்கு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ரோட்டோரப் பாத்தியில் கீரை, புதினா, மேரக்காய் வைத்து ‘யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம்’ என்று எழுதிவிடுங்கள். இங்கிலாந்தில் டாட்மார்டன் என்ற ஊரில் 2008-இலிருந்து அப்படித்தான் செய்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில்கூட மக்காச்சோளம் நின்றது. உள்பக்கப் பாத்திகளைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் பெயர் எழுதிவையுங்கள். பெயரில்லாத காலிஃப்ளவரை அறுப்பவருக்குத் திருடுகிற எண்ணமே வராது. ‘முனிசிபாலிட்டி பூ’ என்றுதான் நினைப்பார். பெயர் இருந்தால் கை கொஞ்சம் தயங்கும். பிரித்துக் கொடுத்தால் ஒற்றுமை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். பொதுவில் விட்டால் தண்ணீர் விட ஆளே இருக்காது என்பது என் கட்சி.

“எங்கள் தெரு முனையில் குறிஞ்சி வைக்க ஆசை. வளருமா? எப்போது பூக்கும்?”
ஒரு வாசகி, கொடைக்கானல்

குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிற ஊர்க்காரருக்கு இல்லாத உரிமையா! நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018-க்குப் பிறகு அடுத்து 2030. பூத்து விதைத்ததும் செடி காய்ந்துவிடும். அதைச் செத்துவிட்டது என்று நினைத்து வெட்டி எரிக்காமல், விதை கொட்டும் வரை விட வேண்டும். இதைத் தெருக்காரர்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வராதீர்கள். பூக்காத பதினோரு வருடமும் அது வெறும் பச்சைப் புதர்தான் என்பதால் பக்கத்தில் தவிட்டுப்பழமும் காட்டுப்பூவரசும் வையுங்கள். ஒன்று குழந்தைகளுக்குப் பழம் தரும், மற்றது சிவப்பாகப் பூத்துக் குருவிகளைக் கூப்பிடும்.

சோலை மரங்களின் நாற்றை வளர்ப்பது தனிக் கலை. உங்கள் ஊர் வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் என்ற இருவர் அதைப் பல வருடம் பொறுமையாகச் செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சில்வர் ஓக் மட்டும் வைக்காதீர்கள். மலைப்பகுதியில் 1955-ஆம் வருடத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; சொந்த நிலத்து மரத்தையே அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. தவறான மரத்தைத் தெருமுனையில் நட்டுவிட்டு, அது வளர்ந்து கம்பியை இடிக்கும்போது மனு மேல் மனு போட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும்.

“மலையே பச்சையாக இருக்கிறது. உங்களுக்கு எதற்குத் தோட்டம்? எங்கள் சென்னைக்கல்லவா வேண்டும்!”
ஒரு வாசகர், சென்னை

பச்சை என்று நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்ப்பதில் பாதி தேயிலை, அதற்கு வேலி உண்டு. மீதியில் பெரும்பகுதி காடு, அதற்கும் காவல் உண்டு. குன்னூர் லைன் வீட்டுக் குழந்தை பந்து விளையாட இடம் கேட்டால் ரோட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் ஊர் கோட்டூர்புரத்தில் குப்பை கிடந்த இடத்தை 2006-இலிருந்து தன்னார்வலர்கள் மரப்பூங்காவாக்கி வைத்திருக்கிறார்களே, போயிருக்கிறீர்களா? அடுத்த முறை இங்கே வரும்போது இ-பாஸோடு தண்ணீர்க் குடுவையும் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை.

“பொதுத்தோட்டத்துக்கு இலவசமாக நாற்று தருவீர்களா அக்கா?”
நான்கைந்து பேர், பல ஊர்கள்

கோஸ், நூல்கோல், மரத்தக்காளி நாற்று தருகிறேன். மழைக்காலத் தொடக்கத்தில் வாருங்கள், மே மாதம் வந்தால் நீங்களும் டிராஃபிக்கில் வாடுவீர்கள், நாற்றும் வாடும். கூடையோ தகர டின்னோ கொண்டுவர வேண்டும். ஆணையரின் அனுமதிக் கடிதத்தையும், தண்ணீர் விடப்போகிற இருவரின் பெயரையும் காட்ட வேண்டும்.